காலை ஆறு மணி ஷிப்டும் என் உடம்பின் கடிகாரமும்

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வேலை நேரத்தில் தலை நிமிர முடியவில்லை என்று தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நிலையில் நான் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். மருத்துவர், மாத்திரை, பயிற்சி வகுப்பு என்று போன பணத்தைக் கூட்டினால் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டும். அந்த வருடம் வரவேண்டிய சம்பள உயர்வும் போயிற்று. அதைவிட வலித்தது வேறு. நான் சோம்பேறிதான் போலிருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அந்த எண்ணத்தை மனதிலிருந்து கழற்றி எறிய, உடம்பு தேறியதைவிட அதிக நாள் ஆயிற்று. "முதலில் இதைப் பார்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வார்த்தையைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

நான் பார்ப்பது கணக்குச் சரிபார்க்கும் வேலை. பல கிளைகளிலிருந்து வரும் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே எண் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல வருடமாகக் காலை பத்து முதல் இரவு ஏழு வரைதான் வேலை. எங்களுக்கு வேலை தரும் நிறுவனம் நேரத்தில் சில மணி முன்னால் இருக்கும் நாட்டில் இருப்பதால், குழு முழுவதையும் காலை ஆறு முதல் மதியம் மூன்று என்று மாற்றினார்கள். அறிவிப்பு வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். சாலையில் நெரிசல் இருக்காது, மதியத்துக்கு மேல் பொழுது நம் கையில். நாலரைக்கு அலாரம் வைத்தேன். ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டுமே என்று ஒன்பது, ஒன்பதரைக்கே படுத்தேன். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் மனம் பளிச்சென்று விழித்துக்கொண்டிருக்கும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். கண் அசரும்போது ஒரு மணியாகியிருக்கும். மூன்றரை மணி நேரத்தில் அலாரம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்டதுபோல் இரண்டு மணி நேரம் தூங்குவேன். அந்தத் தூக்கம் அன்றைய இரவுத் தூக்கத்தையும் தின்றுவிடும்.

காலை ஆறரைக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நிலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், இதே அனுபவம் உள்ளவர்களுக்கு உடனே புரியும். கண் எண்ணைப் படிக்கும், மூளையில் அது தங்காது. இடப்பக்கப் பட்டியலில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்புவதற்குள் பார்த்த தொகை மறந்துபோகும். திரும்ப இடப்பக்கம். திரையில் விரலை வைத்துக்கொண்டு, எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கம் போனால்தான் ஒரு வரி நகரும். கை சில்லென்று இருக்கும், காரணமில்லாமல் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். இப்படி மூன்று மணி நேரம் முட்டிமோதியும் பாதிகூட முடியாத பட்டியலை, அன்றிரவு ஒன்பது மணிக்கு வீட்டில் திறந்தால் அரைமணியில் முடிந்துவிடும். என்னை மிகவும் குழப்பியது இதுதான். உடம்பில் நோய் என்றால் இரவில் மட்டும் எப்படி ஓடிப்போகும்? மனமில்லாமல் வேலை செய்கிறேன் என்றால் அதே வேலையை இரவில் எப்படி ஆசையாகச் செய்கிறேன்? இந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சொன்னவர்களெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அம்மா, "போனை எடுத்து வச்சிட்டுச் சீக்கிரம் படுத்தா தானா தூக்கம் வரும்" என்பார். மேலாளர், "மத்தவங்க எல்லாம் பழகிக்கிட்டாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார். அவர் திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. வருடாந்தர மதிப்பீட்டில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் ஏறியது. பத்து மணி ஷிப்டில் இத்தனை வருடம் வேலை பார்த்தபோது அந்தச் சொல் என் பெயருக்குப் பக்கத்தில் வந்ததே இல்லை.

பணம் போன வழியைச் சொல்ல வேண்டும். முதலில் பொது மருத்துவரிடம் போனேன். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் அளவுகள் எல்லாம் பார்த்தார், எல்லாம் சரி. இந்தச் செலவை வீண் என்று சொல்ல மாட்டேன். நீண்ட நாள் சோர்வு இருந்தால் இவற்றை முதலில் பார்த்துவிடுவதுதான் முறை. வீணானது அதற்குப் பிறகு செய்ததெல்லாம். ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகும் சத்து மாத்திரைகள், சுறுசுறுப்புக்கு என்று ஒரு பொடி, தூக்கத்தை அளக்கும் கைப்பட்டை, விலை உயர்ந்த மெத்தை என்று வரிசையாக வாங்கினேன். அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்று சொல்லும் ஒரு இணையப் பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தேன். நாலரைக்கு எல்லோரும் திரையில் முகம் காட்ட வேண்டும், மூன்று வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை. மனவுறுதி போதவில்லை என்று சொல்லி அடுத்த கட்ட வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். இன்னொரு மருத்துவர் எழுதிய தூக்க மாத்திரை தூங்க வைத்தது, ஆனால் எழுந்த பிறகும் தலை பாறையாகக் கனத்தது. அதை விரட்டக் காபி. மதியம் மூன்றுக்கு ஒரு காபி, வீட்டில் ஐந்துக்கு இன்னொன்று. காபியில் உள்ள காஃபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும் என்பது அப்போது தெரியாது. ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, பத்து மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடைசியில் தூக்கத்துக்கென்றே இருக்கும் மருத்துவரிடம் போனேன். மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவனிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: "லீவு நாள்ல, அலாரம் இல்லாம, யாரும் எழுப்பாம விட்டா எத்தனை மணிக்குத் தூங்குவீங்க, எத்தனை மணிக்கு முழிப்பீங்க?" இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒன்றரைக்குத் தூங்கி ஒன்பதுக்கு எழுவேன் என்றேன். "எழுந்ததும் எப்படி இருக்கும்?" "நல்லா இருக்கும் டாக்டர்." அவர் ஒரு தாளை நீட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை, ஒரு வரிசையில் 24 கட்டம். வரிசை மதியம் பன்னிரண்டில் தொடங்கி மறுநாள் மதியம் முடியும், அப்போதுதான் இரவு உடையாமல் நடுவில் வரும். படுத்த நேரத்தில் ஒரு அம்புக்குறி, தூங்கிய கட்டங்களைப் பென்சிலால் நிரப்ப வேண்டும், காபி குடித்தால் அந்தக் கட்டத்தில் 'கா'. அடுத்து எனக்கு ஒரு விடுப்பும் இருந்ததால் அந்த நாட்களையும் சேர்த்து நிரப்பச் சொன்னார். தாளைத் திரும்பக் கொண்டுபோன அன்று அவர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வேலை நாட்களில் பென்சில் கறுப்பு துண்டு துண்டாகச் சிதறிக்கிடந்தது. அம்புக்குறிக்கும் முதல் கறுப்புக் கட்டத்துக்கும் நடுவே மூன்று நான்கு வெள்ளைக் கட்டங்கள். விடுப்பின் முதல் இரண்டு மூன்று நாள் கறுப்பு மிக நீளம், பட்ட கடனை அடைத்த தூக்கம். அதற்குப் பிறகு எல்லா வரிசையிலும் ஒரே நீளத்தில், ஒரே இடத்தில், ஒன்றரையில் தொடங்கி ஒன்பதில் முடியும் பட்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றது. தூங்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்த நான் அருமையாகத் தூங்கத் தெரிந்தவன். ஷிப்ட்தான் அந்தப் பட்டைக்கு வெளியே கிடந்தது.

அன்று அவர் விளக்கியதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். வெளிச்சமே இல்லாவிட்டாலும் அது ஓடும். 1729-இலேயே தெ மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். சூரியனே படாமலும் அது தன் நேரத்துக்கு இலையை விரித்து மூடியது. மனிதருக்கு அந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் அது 24 மணிக்குத் திருத்தப்படுகிறது. இது உயிரணுக்களுக்குள் மரபணுக்களாலேயே நடக்கும் வேலை. பழ ஈக்களில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஈக்கும் செடிக்கும் உள்ள ஒன்றை எனக்கு மட்டும் மனவுறுதிக் குறைவு என்று சொன்னார்களே என்று அன்று எனக்கு ஆத்திரமே வந்தது.

என் கதையை எனக்கு விளங்க வைத்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று, வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் ஒருநாளில் தூங்குவதற்கு மிகக் கடினமான நேரம். பகலெல்லாம் சேர்ந்த தூக்கச் சுமைக்கு எதிராக உடம்பின் கடிகாரம் அப்போது விழிப்பை உச்சத்துக்கு ஏற்றிப் பிடிக்கிறது. நான் பிடிவாதமாகக் கண்ணை மூடிக் கிடந்தது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். இரண்டு, நம் உடல்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு அது மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வரும், கவனமும் அப்போது அடிமட்டத்தில் இருக்கும். ஒன்பது மணிக்கு விழிக்கும் உடம்புக்கு அந்தப் புள்ளி ஏழு மணியை ஒட்டி வருகிறது. ஆறரை மணிக்குத் திரையில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது என் உடம்புக்கு அது நட்டநடு ராத்திரி. கை சில்லிட்டதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இதில் மிகவும் முக்கியமான ஒன்று இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கடிகாரத்தைத் திருப்ப முயல வேண்டாம். அந்தத் தாழ்ந்த புள்ளிக்குப் பிறகு படும் பிரகாசமான வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதாவது அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். அந்தப் புள்ளிக்கு முன்னால் படும் வெளிச்சம் நேர்மாறாகப் பின்னுக்குத் தள்ளும். பயிற்சி வகுப்பில் நாலரை மணிக்கு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே வெளிச்சம் வைத்து உட்காரச் சொன்னார்கள். காலையில் எழுபவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். என் போன்றவர்களுக்கு அது இரவு வெளிச்சம்தான், கடிகாரத்தை இன்னும் தாமதமாக்கும். சீக்கிரம் எழுவதற்காகக் கட்டிய பணம் என்னை மேலும் தாமதமாக்க உதவியிருக்கிறது.

சரி, மாற்றவே முடியாதா என்றால், கொஞ்சம் முடியும். மருத்துவர் சொன்ன வழி பொறுமையானது. இயல்பாக விழிக்கும் நேரத்தில் தொடங்க வேண்டும். எழுந்தவுடன் வெளியே போய் அரைமணி நேரம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல். வீட்டு விளக்கு போதாதா என்று கேட்டேன். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால், அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும், வானம் மேகம் மூடியிருந்தாலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும் என்றார். சில நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தைக் கால்மணி, அரைமணியாக முன்னே நகர்த்த வேண்டும், வெளிச்சமும் கூடவே நகரும். சாயங்காலத்துக்குப் பிறகு வீட்டில் மேல்விளக்குகளை அணைத்துவிட்டு மங்கலான விளக்கு மட்டும். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிக்கெல்லாம் பணம் போடுவதற்கு முன், திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள், மொத்த வெளிச்சத்தையும் குறையுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு மேல் காபி, தேநீர் இல்லை. தூக்கம் வராமல் படுக்கையில் போய்க் கிடக்கவும் கூடாது. எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது விடுமுறை நாள். ஐந்து நாள் இழுத்துக்கொண்டு வந்த கடிகாரம் இரண்டு நாள் விருப்பம்போல் தூங்கினால் பழைய இடத்துக்கே ஓடிவிடும், திங்கட்கிழமை வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவன்போல் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்கச் சுலபம், முதல் மாதம் அழுகை வரும்.

இத்தனையும் செய்து என்னால் வர முடிந்த இடம், பதினொன்றரைக்குத் தூங்கி ஆறரை, ஏழுக்கு எழுவது. அதைத் தாண்டி இழுத்தபோது திரும்பவும் தூக்கம் உடைந்தது. ஆறு மணி ஷிப்ட் எனக்கு எட்டவில்லை, எட்டாது. இதை ஏற்றுக்கொள்ளும்போது மனம் கனத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தைக்கு என் கையில் முதல்முறையாக ஒரு தெளிவான விஷயம் இருந்தது. மேலாளரிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசினால் அனுதாபம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. அதனால் வேலையைப் பற்றியே பேசினேன். ஒரு மாதம் எந்த மணியில் எத்தனை பட்டியல் முடித்தேன், எந்த மணியில் செய்தது திருத்தத்துக்குத் திரும்பி வந்தது என்று குறித்து வைத்திருந்தேன். ஏழு மணிக்கு முன் செய்தவைதான் பெரும்பாலும் திரும்பி வந்தன. பத்துக்கு மேல் செய்தவை அநேகமாக வரவே இல்லை. மருத்துவர் கடிதத்தை அதன் அடியில் வைத்தேன். முதலில் முடியாது என்றார். "ஒரு மாசம் எட்டரைக்கு வர்றேன், சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் இருக்கேன். எண்ணிக்கை குறைஞ்சா பழைய நேரத்துக்கே வந்துடறேன்" என்றேன். மதியம் மூன்றுக்குப் பிறகு வரும் அவசரக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் குழுவில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கும்போது, அந்த நேரத்தில் அலுவலகத்துக்கு என்ன ஓட்டை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்லோருக்கும் இப்படி நேரத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்காது, அது எனக்குத் தெரியும். நேரத்தை மாற்ற முடியாதவர்கள் நேரத்துக்குள் வேலையின் வரிசையை மாற்றலாம். எட்டரைக்கு வந்தாலும் முதல் ஒரு மணி நேரம் நான் கணக்கைத் தொடுவதில்லை. கடிதங்களுக்குப் பதில், கோப்புகளை அடுக்குவது, மறுநாளுக்கான பட்டியல் எல்லாம் அப்போது. ஒன்பதரை, பத்திலிருந்து பன்னிரண்டரை வரை கணக்கு மட்டும், அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் வேறு நேரம் கேட்டுப் பார்ப்பேன். மந்தமான நேரத்தில் முக்கியமான எதையாவது முடித்தே தீர வேண்டும் என்றால், நினைவை நம்பாமல் எழுதி வைத்த சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொள்கிறேன், அனுப்புவதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருமுறை காட்டுகிறேன். மதியம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு தொய்வு வரும். சாப்பாட்டின் மேல் பழி போடுகிறோம், வயிறு நிறையச் சாப்பிட்டால் கூடும் என்பது உண்மை, ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும். அந்த நேரத்தில் பதினைந்து இருபது நிமிடம் கண்ணை மூடினால் எழுந்ததும் தெளிவு இருக்கும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடுவோம், நடுவில் எழுப்பினால் அரைமணி நேரம் மந்தமாகத் திரிய வேண்டும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சுறுசுறுப்பு ஏறி இறங்கும், அதன்படி வேலையைப் பிரி என்று ஒரு அறிவுரை பரவலாகச் சுற்றுகிறது. தூக்கத்தில் அப்படி ஒரு சுற்று உண்டு. விழித்திருக்கும்போது அவ்வளவு ஒழுங்காக ஒன்றை நான் கண்டதில்லை. மணியடிக்கும் செயலியை வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையை நடுவில் நிறுத்தியதுதான் மிச்சம். களைப்பு வரும்போது எழுந்து நடங்கள், அது போதும்.

வண்டி ஓட்டுபவர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய ஷிப்டில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு சிக்னலில் நின்றபடியே கண் மூடிவிட்டது. பின்னாலிருந்தவர் அடித்த ஹாரனில் பதறி விழித்தேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் வண்டி ஓட்டுவது குற்றம். அன்றிலிருந்து அந்த ஷிப்ட் முடியும்வரை வண்டியை எடுக்கவில்லை, பகிர்வு வாடகைக் காருக்குப் பணம் கொடுத்தேன். அந்த வருடத்தில் நான் செய்த செலவுகளில் ஒரு ரூபாய்கூட வருத்தப்படாத செலவு அது. இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் நிலை என்னுடையதைவிட எவ்வளவோ கடினம். கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்ற பிரிவில் 2007-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. ஷிப்ட் மாறி மாறி வரும் இடங்களில் குறைந்தபட்சம் காலை, பிற்பகல், இரவு என்று நேரம் தள்ளிப்போகும் வரிசையில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். உடம்பின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் பெரும்பாலானோருக்குப் பின்னால் தள்ளிப்போவது சுலபம், முன்னால் இழுப்பது கடினம்.

என் கதை தாமதமாகத் தூங்குகிறவனின் கதை. இதன் மறுபக்கமும் எங்கள் குழுவிலேயே இருக்கிறது. பக்கத்து இருக்கைத் தோழி இயல்பாகவே ஐந்துக்கு எழுகிறவர், ஆறு மணி ஷிப்ட் அவருக்கு வரம். ஆனால் வாரம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு நடக்கும் அழைப்பில் அவருக்கு வாயே திறக்காது, ஆர்வம் இல்லாதவர் என்று அவருக்குப் பெயர். பகலில் ஆந்தையைக் காக்கை விரட்டிவிடும், இரவில் அதே காக்கையை ஆந்தை ஒரு வழி பண்ணிவிடும். எந்தப் பொழுதில் வைத்துப் பார்த்தோம் என்பதை விட்டுவிட்டு ஆளை எடை போடுகிறோம். வீட்டில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வளரிளம் வயதில் கடிகாரம் இயற்கையாகவே தாமதமாகி, இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல முன்னால் வருகிறது. காலையில் எழ மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கூப்பிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்காக எல்லாச் சோர்வையும் கடிகாரத்தின் தலையில் கட்டவும் வேண்டாம். எட்டு மணி நேரம் விருப்பப்பட்ட நேரத்தில் தூங்கியும் பகலில் சொக்குகிறது, பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால் அது மூச்சுத்தடைத் தூக்கக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வேறு பரிசோதனை, வேறு சிகிச்சை. நாள் முழுக்க எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டு கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாக நீங்களாகவே வாங்கிப் போட வேண்டாம். அதில் அளவைவிட எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதே பெரிய விஷயம், தவறான நேரத்தில் போட்டால் கடிகாரம் தவறான பக்கம் நகரும்.

இப்போது எட்டரை ஷிப்டில் நிலையாக இருக்கிறேன். போன சம்பள உயர்வு திரும்பி வரவில்லை, அடுத்த மதிப்பீட்டில் 'கவனக்குறைவு' என்ற சொல் மட்டும் நீங்கியது. வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் எல்லாம் குலைந்துபோகிறது, பழைய நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எதற்காவது பணம் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அந்தக் கட்டங்களை நிரப்புங்கள். முடிந்தால் அதில் ஒரு விடுப்பும் வரட்டும். விடுப்பின் முதல் மூன்று நாள் தூக்கத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதற்குப் பிறகு அலாரம் இல்லாமல் எந்த நேரத்தில் தூங்கி எந்த நேரத்தில் எழுகிறீர்கள் என்பதுதான் உங்கள் எண். கூடவே ஒரு ஓரத்தில், எந்த மணியில் வேலை ஓடியது, எந்த மணியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தீர்கள் என்றும் குறியுங்கள். மருத்துவரிடம் போனாலும் மேலாளரிடம் போனாலும் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.